சங்கிலியில் என் முறை

ஜூலை 14, ஞாயிறு

ஆடி இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் காற்று பந்தலின் மேற்குப் பக்கத்துத் தகரங்களைப் பிடுங்கி முள் நிறைந்த உடைமரக் காட்டில் போட்டுவிட்டது. பந்தல்காரர், "காத்துக்கு நான் என்னம்மா செய்ய, அதுக்கிட்டயா அட்வான்ஸ் வாங்குனேன்?" என்கிறார்.

சத்தியதாஸ் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். எங்கள் மிஷனின் இயக்குநர் அவர். துணை இயக்குநர் நான். ஆகவே இந்த வாரம் என் தலையில்.

வருடத்துக்கு ஒரு முறை, ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் மலைக் கிராமங்களில் ஊழியம் செய்யும் எங்கள் மிஷனரிகள் குடும்பத்தோடு வள்ளியூருக்கு வெளியே உள்ள இந்த வளாகத்துக்கு வருவார்கள். ஒரு வாரம் உபவாசம், ஜெபம், ஆலோசனை. சனிக்கிழமை மாலை சபைகளிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வரும் பெரிய கூட்டம். ரயில் டிக்கெட், தங்குமிடம், தண்ணீர், பாய், தலையணை எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்துவிடுவேன். இருபது வருடம் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தை நடத்தியவள். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இங்கே வந்ததும் இந்த மாதிரி வேலைக்குத்தான்.

எனக்கு வராதது ஒன்று, ஜெபம் செய்வது. தொடக்க ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு என் ஜெபத்துக்குக் காத்திருந்தார்கள். ஜெபப் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். முடித்தபோது ஒரு பழைய மிஷனரி இன்னும் கண்ணை மூடியே இருந்தார். அது முன்னுரை, ஜெபம் இனிமேல்தான் என்று நினைத்திருப்பார் போல.

சமையலறைப் பொறுப்பு தங்கபாய் காப்பி கொண்டுவந்தாள். "எக்கா, நீங்க ஜெபம் பண்ணுனா ரேடியோல செய்தி வாசிக்க மாரியே இருக்கு."

தப்பாகச் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

இன்று சங்கிலி ஜெபம் தொடங்கியது. பழைய கிணற்றை ஒட்டிய சிறிய அறையில் வாரம் முழுக்க, இரவும் பகலும், யாராவது ஒருவர் ஜெபத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் உள்ளே வந்து முழங்கால் போட்ட பிறகுதான் முந்தியவர் எழலாம். வந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக இடது தோளில் மெல்லத் தட்ட வேண்டும். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. நடுவில் ஒரு நிமிடம் அறை காலியாக இருந்தாலும் சங்கிலி அறுந்ததாக அர்த்தம்.

முறைப் பட்டியலைப் போட்டவள் நான். என் பெயரைச் சேர்க்கவில்லை. அண்ணன் படுக்கையிலிருந்தே வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"எமிமா, எல்லார் பேரும் இருக்கு. உன் பேரு எங்கம்மா?"

மாலை நாலு மணியைப் போட்டுக்கொண்டேன். எனக்கு முந்தைய முறை ஜெபக்கனியுடையது.

ஜெபக்கனியை எல்லோருக்கும் தெரியும். கணவர் கிதியோனோடு ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண். இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்து, அவளுக்காகச் சங்கிலி ஜெபம் நடந்து, 'பூரண சுகம்' என்று எங்கள் மாத இதழின் முதல் பக்கத்தில் படத்தோடு வந்தவள். போன வருடம் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள் தனக்குச் சுகமானதைச் சாட்சியாகச் சொன்னபோது பந்தலே அழுதது. இந்த வருட நிகழ்ச்சி நிரலிலும் அவள் பெயர் இருக்கிறது.

நாலு மணிக்கு உள்ளே போனேன். நாற்காலியும் எடுத்துக்கொண்டு போனேன், மூட்டு வலிக்காக. ஜெபக்கனியின் தோளில் தட்டினேன். தீ பட்டது போலத் துள்ளி, உடனே திரும்பிச் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு மணி நேரம் நாம் நினைப்பதைவிட நீளமானது. என் கணவர் சாலமோனின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பெரிது, மணிக்கட்டில் சுழன்று உள்பக்கம் போய்விடும். ஒரு கண்ணியைக் கழற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நாளைய தண்ணீர் லாரியைப் பற்றி யோசித்தேன். யாரோ தோளில் தட்டியதும் நிம்மதியாக எழுந்து வந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

மோட்டார் எரிந்துவிட்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய பிரசங்கியார் தொண்டை கட்டிவிட்டது என்று வரவில்லை. காலை இட்லி புளித்துப் போய்விட்டது, தங்கபாய், "உபவாசம் இருக்கவங்களுக்கு ருசி எதுக்கு?" என்று உபவாசம் இல்லாதவர்களையும் சேர்த்துத் திட்டினாள்.

மாலை நாலு மணி. ஜெபக்கனி இன்று இடம் மாறி உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் சுவரை ஒட்டி, வலது தோள் மட்டும் வாசலுக்குத் தெரியும்படி. வலது தோளில் தட்டினேன். துள்ளவில்லை.

எழும்போது தரையில் ஊன்றியது வலது கை மட்டும். இடது கை மடியிலேயே கிடந்தது.

ஜூலை 17, புதன்

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. லாரித் தண்ணீர்தான் காரணம். அண்டா அண்டாவாகக் காய்ச்சச் சொன்னேன். உப்பும் சர்க்கரையும் கலந்து பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தேன். மதியத்துக்குள் அடங்கிவிட்டது. கிதியோன் எல்லோருக்கும் கேட்கும்படி, "கர்த்தர் சுகம் கொடுத்தாருக்கா!" என்றார். குளோரின் மாத்திரைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்ல நினைத்தேன். நல்ல மனிதர், விட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்கே ஜெப அறைக்குப் போனேன். அது முறை இல்லை. பேசியதும் முறை இல்லை.

"ஜெபக்கனி, கையத் தூக்கு பாப்போம்."

"என்னக்கா, ஜெப நேரத்துல..."

"தூக்கு."

பாதிவரை தூக்கினாள். முகம் வெளிறிவிட்டது. பிறகு தானே என் கையைப் பிடித்து அக்குளில் வைத்தாள். புளியங்கொட்டை மாதிரி, கல்லாக, ஒன்றல்ல, பல.

"எப்ப இருந்து?"

"கிறிஸ்மஸ் சமயத்துல இருந்து. யார்ட்டயும் சொல்லிராதியக்கா."

"கிதியோனுக்கு?"

தலையை ஆட்டினாள். தெரியாது.

அப்போது ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ மருந்து ஏற்றிக்கொள்ள வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்குள் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதழில் செய்தி வந்துவிட்டது. சபை சபையாக ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள்.

"அதுக்கப்புறம் போய் மருந்து ஏத்துனா, இவ்வளவு பேரு பண்ணுன ஜெபத்த நம்பலன்னு ஆயிரும்லாக்கா?"

"போகாதன்னு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல."

போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் ஆள் இல்லை.

"சனிக்கெழம கூட்டம் முடியட்டும்க்கா. சாட்சி சொல்லிட்டு, திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சனிக்கெழம என்ன சாட்சி சொல்லுவ?"

இடது கையை மடியில் இறக்கி வைத்தபடி, "அந்த ஊர்ல என்னப் பாத்துத்தான்க்கா சில குடும்பம் கோயிலுக்கு வந்தாங்க. நான் போயிச் சீக்காக் கெடந்தா, அவங்க நம்புனதெல்லாம் என்ன ஆவும்?" என்றாள்.

இதற்கு எந்த ஆய்வகத்திலும் பதில் இல்லை. நாளைக் காலை ஜீப் தயாராக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 18, வியாழன்

நாகர்கோவில் போய் வந்தோம். வளாகத்தில், சனிக்கிழமைக்குச் சாமான் வாங்கப் போகிறோம் என்று சொன்னேன். வரும்போது மறக்காமல் வாழையிலை வாங்கிவந்தேன், அது பொய்யாகிவிடக் கூடாது என்று.

டாக்டர் என் மாணவிகள் வயதுப் பெண். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"ஏன்மா இவ்வளவு நாள் வரல?"

"அங்க ஆஸ்பத்திரி தூரம் டாக்டர்," என்றாள் ஜெபக்கனி. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அக்குளுக்கு வெளியே பரவியதாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை சேர வேண்டும், முதலில் மருந்து, பிறகு அறுவை சிகிச்சை.

"நல்லாயிரும்லா?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"முயற்சி பண்ண இடம் இருக்கு. இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா அந்த இடமும் இருக்காது."

ஸ்கேன் வரிசையில் காத்திருந்தபோது ஜெபக்கனி கேட்டாள்: "சாலமோன் அண்ணன் எப்படிக்கா எறந்தாவ?" யாரும் என்னிடம் இதைக் கேட்பதில்லை, என் முகம் அப்படி. சொன்னேன். சாலமோனுக்காக எங்கள் சபையிலும் சங்கிலி ஜெபம் நடந்தது. என் முறையின்போது யாரோ தோளில் தட்டினார்கள். அதற்குள்ளா நேரம் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. அதன்பிறகு நான் முழங்கால் போட்டதில்லை. கேட்பவர்களிடம் மூட்டு வலி என்பேன்.

"வலியே இல்லயாக்கா?"

"இல்ல."

அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "நம்ம ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான். வலி இல்லாதவிய இருக்குன்னு சொல்லுதிய. இருக்கவ இல்லன்னு சொல்லுதேன்."

திரும்பும் வழியில் தயிர்சாதம் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தவள், உபவாச வாரம் என்று நினைவு வந்து மூடினாள். "சாப்பிடு" என்றேன். இந்த வாரம் இயக்குநர் பொறுப்பில் நான் கொடுத்த உத்தரவுகளில் ஒழுங்காக நிறைவேறியது அது ஒன்றுதான்.

ஜூலை 19, வெள்ளி

காலையில் அவளே கிதியோனிடம் சொன்னாள். என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

அவர் முதலில் சத்தம் போட்டார். "எனக்குத் தெரியாமயா? ஒரே வீட்ல இருக்கேன், எனக்குத் தெரியாமயா?"

"எப்படிச் சொல்லட்டும்? நீங்கதான் பாக்கவங்கட்டயெல்லாம் எனக்குச் சொகமாயிட்டுன்னு சொல்லிட்டே இருந்தியள்லா."

அவர் வெளியே போய்விட்டார். மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

"எக்கா, அவ கையத் தூக்கிக் கொடில துணி போடலன்னு நான் பாத்தேன்க்கா. சோம்பல்னு கேலி பண்ணுனேன்."

நானும் கீழே உட்கார்ந்தேன்.

மாலையில் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு அவ சாட்சி சொல்லலன்னா மேடைல என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்."

"எமிமா, ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசிய எடுத்து மிஷனுக்குன்னு வைக்கிற பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. அவங்க மொகத்தப் பாத்து, நாங்க இதழ்ல போட்டது தப்புன்னு சொல்லப் போறியா? ஒரு வாரம் பொறு. ரிசல்ட் வரட்டும். நான் எந்திரிச்சு வந்து பக்குவமா எழுதுதேன்."

"அதுவரைக்கும் நிகழ்ச்சி நிரல்ல அவ பேரு இருக்குண்ணே. மைக்கக் கையில குடுத்துட்டா அவ சுகமாயிட்டேன்னு தான் சொல்லுவா. நமக்காகச் சொல்லுவா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"நான் பொய் எழுதலம்மா. அன்னைக்கு ஸ்கேன்ல ஒண்ணுமில்ல."

"பொய் எழுதல அண்ணே. சந்தோசத்துல அவசரப்பட்டுட்டிய."

"அந்தப் பிள்ள என்னாலயா மருந்து எடுக்காம இருந்திச்சு?"

ஆமாம் என்று சொல்வதா இல்லையென்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. வைக்கும் முன் அவரே சொன்னார்: "எம் பேரச் சொல்லியே சொல்லு. நான்தான் எழுதுனேன்னு சொல்லு."

இன்று நாலு மணி முறைக்குப் போனேன். நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரியைப் பற்றி யோசிக்கவில்லை. வேறு எதையும் யோசித்ததாகவும் ஞாபகம் இல்லை.

ஜூலை 20, சனி

வேன்கள் வந்தன. பந்தல் நிறைந்தது. காற்று பேனரைக் கிழித்து மேடைக்குப் பின்னால் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சாட்சி நேரம் வந்ததும் நான் மைக்குக்குப் போனேன். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன். காற்றில் மடங்கி மடங்கி விழுந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

சகோதரி ஜெபக்கனி இன்று சாட்சி சொல்லமாட்டார் என்றேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பூரண சுகம் என்று எழுதினோம், சத்தியதாஸ் அண்ணன் தாமே எழுதியதாகச் சொல்லச் சொன்னார், அது அவசரம். நோய் திரும்ப வந்திருக்கிறது. நாம் சுகம் என்று கொண்டாடியதால் அவர் சிகிச்சைக்குப் போக முடியாமல் இருந்தார், வலியைச் சொல்லவும் முடியாமல் இருந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறார். குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. மிஷன் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இவ்வளவுதான் பேசினேன். முன்வரிசையில் கமிட்டி உறுப்பினர் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவரோடு சிலர் போனார்கள்.

அப்போது ஜெபக்கனி மேடை ஏறி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மைக்கிடம் போகவில்லை. மேடை நடுவில் முழங்கால் போட்டுக் குனிந்துகொண்டாள்.

இந்த இடத்தில் நடத்துபவர் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் ஜெபப் புத்தகம் நாற்காலியில் இருந்தது. நாலு எட்டு எடுத்து வைத்தால் போதும். நான் போகவில்லை. அவள் பக்கத்தில் போய்க் கையை அவள் வலது தோளில் வைத்தேன். நின்றுகொண்டே குனிய முடியவில்லை. முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, இவளக் கைவிட்டுராதேயும்" என்றேன். இன்னும் ஏதோ சொன்னேன். புத்தகத் தமிழில் இல்லை. என்ன சொன்னேன் என்று இப்போது எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நடுவில் ஒரு முறை அவள் பெயருக்குப் பதில் சாலமோனின் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பாத்திரம் கழுவும் இடத்தில் தங்கபாய் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "எக்கா இன்னைக்குச் செய்தி வாசிக்கல."

ஜூலை 21, ஞாயிறு

வேன்கள் எல்லாம் நேற்றே திரும்பிவிட்டன என்று நினைத்தேன். காலை ஆராதனை முடிந்து அலுவலகத்துக்கு வந்தால் வாசலில் பெண்கள் நிற்கிறார்கள். ஏதோ புகார் என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் சாத்தான்குளத்துக்காரர். கதவைச் சாத்தச் சொன்னார். சுகர் சுகமாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொன்னாராம். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் புண் ஆறவில்லை. துணியைப் பிரித்துக் காட்டினார்.

அடுத்தவருக்குக் காதில் இரைச்சல். ஒருத்தி மகனை அழைத்து வந்திருந்தாள். வலிப்பு நின்றுவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறாள், வாரம் ஒரு முறை வருகிறது. ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் அழுதுவிட்டுப் போனார்.

தங்கபாய் கடைசியில் வந்தாள். "ஒனக்கென்ன?" என்றேன்.

"எனக்கென்ன, கல்லு மாரி இருக்கேன். இவங்களுக்குக் கஞ்சி போடவான்னு கேக்க வந்தேன்."

அடுத்த மாதம் ஒரு நாள் இங்கே வந்து இவர்களைப் பார்க்க முடியுமா என்று அந்த இளம் டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். வருகிறேன் என்றார்.

கமிட்டியில் இருவர் விலகல் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். மிஷனை நான் ஆஸ்பத்திரியாக்குகிறேனாம். அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "வச்சிரு, எந்திரிச்சு வந்து அவங்க வீட்டுக்கு நான் போறேன்" என்றார்.

கிதியோன் மலைக் கிராமத்துக்குப் போன் செய்தார். சிக்னலுக்காகத் தொட்டியின் மேல் ஏறி நின்று ஒடியாவில் சத்தமாகப் பேசினார். ஜெபக்கனி கீழே புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். இறங்கி வந்தார்.

"சொல்லிட்டியளா? எல்லாத்தையும்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"தீதி எப்ப வருவான்னு கேட்டாங்க." தீதி என்றால் அக்கா, அங்கே ஜெபக்கனியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கல. அத மட்டும் ஆளாளுக்குப் போன வாங்கிக் கேட்டாங்க."

ஜூலை 22, திங்கள்

சேர்த்துவிட்டு வந்தேன். படுக்கை ஜன்னலோரம். கிதியோன் கூட இருக்கிறார்.

ஜூலை 23, செவ்வாய்

உபவாச வாரம் முடிந்துவிட்டது. மிஷனரிகள் ரயில் ஏறிவிட்டார்கள். பந்தலைப் பிரிக்கிறார்கள். ஆனால் காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாரோ நான் போட்ட முறைப் பட்டியலையே தேதி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ரயிலில் போகிறவர்கள் ரயிலிலேயே, ஊரில் இருப்பவர்கள் ஊரிலேயே. இங்கே இருப்பவர்கள் கிணற்றடி அறையில். ஜெபக்கனிக்கு மருந்து ஏற்றி முடியும்வரை. நாலு மணிக்கு நேராக என் பெயர் அப்படியே இருந்தது. அதற்கு முந்தைய மணிக்கு அவள் பெயரை எடுத்துவிட்டு அண்ணன் தம் பெயரைப் போட்டிருந்தார்.

மருந்தால் குறையும் ரத்த அணுக்கள் சங்கிலி ஜெபத்தால் கூடுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன். மேடையில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அது மாறவில்லை.

நாலு மணிக்குப் போனேன். அறை காலியாக இருந்தது. அண்ணன் தம் முறையைப் படுக்கையில் முடித்திருப்பார். நாற்காலி மூலையில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

இன்று அவளுக்கு முதல் மருந்து. இப்போது உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் என்று தெரியும். அந்த மருந்தின் மூலக்கூறு வடிவம்கூட எனக்குத் தெரியும், பாடம் நடத்தியிருக்கிறேன். முழங்கால் போட்டு அதையும் சொன்னேன், அவளையும் சொன்னேன், சாத்தான்குளத்துக்காரரின் காலையும் சொன்னேன். பிறகு சாலமோனைப் பற்றி, ஐந்து வருடமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எழுந்துவிடத் தோன்றவில்லை.

தோளில் தட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பினால் தங்கபாய், கையில் மாவு.

பேசக் கூடாது என்பது முறை.

"கொஞ்சம் இரு," என்றேன்.

அவள் என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று பார்க்கவில்லை.

இப்போது மூட்டு வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது.